விதிப் பட்டியல்

பிலிப்பைன்ஸில், எங்கள் இலோய்லோ நகர ஆஸ்பத்திரியில் லேப் முடிவுகளை டாக்டர்களின் போனுக்கு அனுப்பும் மென்பொருள் என் பொறுப்பு. எந்த முடிவு யாருக்கு, எப்போது போக வேண்டும் என்ற விதிகளை அதில் இரண்டு விதமாக வைக்கலாம். நானே நிரலாக எழுதலாம். பிறகு என்னைத் தவிர யாரும் தொட முடியாது. அல்லது திரையில் பட்டியலாக வைக்கலாம், நர்ஸ்களே மாற்றிக்கொள்வார்கள்.

நான் பட்டியலைத் தேர்ந்தெடுத்தேன். வார்டின் தேவை வார்டுக்குத்தான் தெரியும் என்று கூட்டத்தில் பெரிதாக முழங்கினேன். உண்மையில் டாக்டர்களின் நச்சரிப்பு தாங்கவில்லை. எனக்கு அதை அனுப்பாதே, இதை மட்டும் அனுப்பு என்று தினமும் உயிரை வாங்கினார்கள்.

பட்டியலை மாற்றும் அதிகாரம் தலைமை நர்ஸ் சாரித்தோவுக்குப் போனது. இருபத்திரண்டு வருட சர்வீஸ். மறுவாரமே டாக்டர் வில்யாகோர்த்தா என்னிடம் வந்தார்.

"மத்தியானம் ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் தூங்குவேன்பா. எனக்கு ஒண்ணும் அனுப்பாதே."

"இப்ப எல்லாம் சாரித்தோ அக்கா கையிலதான், டாக்டர்."

சொல்லும்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா!

பெரிய டாக்டரிடம் முடியாது என்று சொல்ல எங்கள் ஊரில் எந்த நர்ஸுக்கு வாய் வரும்? சாரித்தோ அந்த விதியைச் சேர்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, ஆபத்தான ரிசல்ட்டுன்னா மட்டும் அவருக்குப் போயிடும்ல?"

"அதுக்குத்தான் கீழே தனி விதி இருக்கே, அக்கா."

திரையைப் பார்க்காமலே சொன்னேன். மென்பொருள் மேலிருந்து படித்துக்கொண்டு வரும்; பொருந்துகிற முதல் விதியோடு நின்றுவிடும். அவர் புது விதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தார். பார்த்திருந்தால் அரை நிமிஷ வேலை.

பத்தே நாளில் ஒரு சிறுநீரக நோயாளி, படகுக்காரர். ரத்தத்தில் பொட்டாசியம் ஏழுக்கு மேல், இதயமே நின்றுவிடக்கூடிய அளவு. அந்த முடிவு மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு வந்தது. டாக்டரின் போன் ஒலிக்கவில்லை. மூன்று மணிக்குள் ஆள் போய்விட்டார்.

விசாரணைக்கு ஆஸ்பத்திரி இயக்குநர் மென்பொருளின் பதிவைக் கேட்டார். அச்சடித்துக் கொடுத்தேன். விதியைச் சேர்த்தவர் சாரித்தோ, தேதி, நேரம், எல்லாம் இருந்தது. சொன்னது யார் என்று எழுத அதில் இடமே கிடையாது.

"நான் அப்படியெல்லாம் சொல்லவே இல்லையே," என்றார் வில்யாகோர்த்தா.

சாரித்தோ என்னைப் பார்த்தார். இயக்குநரும் பார்த்தார்.

"பதிவுல அவங்க பேருதான் சார் இருக்கு," என்றேன். பொய் இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

"நல்ல மென்பொருள்பா இது! நிமிஷத்துல ஆளைப் பிடிச்சுக் குடுத்துருச்சே," என்று இயக்குநர் என் தோளைத் தட்டினார்.

வெளியே வராந்தாவில் சாரித்தோ நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உன் பேரு அதுல எங்கேயுமே இல்ல, பாத்தியா தம்பி? அதுக்குத்தானே இதை எங்க தலையில கட்டினே?"

ஐந்து மணிக்கு அவருடைய கடவுச்சொல்லை ரத்து செய்யும்படி உத்தரவு வந்தது. செய்தேன்.