ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாத ஸ்டேஷன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான்தான். மூன்று முறை ‘நான்’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். மிக்கேல் என்று எழுதினால் முதுகு நிமிர்கிறது. ஆகவே, மிக்கேல்.

எங்கள் தீவில் பத்துபஸ்தி குடியிருப்பைச் சேர்ந்த மிக்கேல், கப்பல் ஜெட்டியில் முப்பத்தொரு வருடம் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஏறுபலகை போட்டவர். [‘ஜெட்டி ஊழியர்’ என்றால் போதாதா? போதாது.] மகன் கையில் பலகை படக்கூடாது என்பது அவர் வைராக்கியம். ராபினை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு சின்ன ஊர் ரயில் நிலையத்தில் வேலை. என்ன வேலை என்று மிக்கேல் கேட்கவில்லை. மகள் பிரிஸ்கில்லாவைப் பெண் கேட்டு பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த லம்பா லைன் வீட்டாரிடம், “மூத்தவன் ஸ்டேஷன் மாஸ்டர்” என்றார். எழுந்து நின்று கைகொடுத்தார்கள். கல்யாணத் தேதி இன்னும் குறிக்கவில்லை.

அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவி, இப்போது கோயில் திருவிழா மலருக்கு அந்த நிலையத்தைப் பற்றிக் கட்டுரை கேட்கிறார்கள். லம்பா லைனில்தான் முதலில் படிப்பார்கள்.

2

முதல் வரைவு: ‘அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று என் மகன்…’ [அடித்தாயிற்று.]

இரண்டாவது: கம்பளியும் பாலும் ஏற்றுவதற்காக நூற்றறுபது வருடத்துக்கு முன் எழுப்பிய கல் கட்டடம். ஒரு காலத்தில் அரசாங்கம் பூட்டப் பார்த்தது. ஊர்க்காரர்கள் நடைமேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பாற்றினார்கள். மணிக்கு ஒரு வண்டி. மதியம் வரை டிக்கெட் ஜன்னல், பிறகு இயந்திரம். பூந்தொட்டிகளுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் ராபின் எங்கே?

3

வீடியோ காலில் ராபினிடமே கேட்டார்.

“அப்பா, மாஸ்டர்னு போட்றாதீங்க. இங்க மாஸ்டரே கெடையாது.”

“பின்ன நீ யாருலே?”

“வீல்சேர்ல வாறவங்களுக்கு வண்டி வாசல்ல பலகை போடுவேன். ஒரு கிழவி ஏறி முடிக்கிற வரைக்கும் மொத்த வண்டியும் நிக்கும்.”

“ஒரே ஒரு ஆளுக்காவவா?”

“ஆமாப்பா. ஒருத்தரும் முணங்க மாட்டாங்க.”

அடுக்களையிலிருந்து அவர் மனைவி சூசைமேரி குரல் கொடுத்தாள்: “அச்சா! அப்பனுக்குக் கப்பல்ல பலகை, மவனுக்கு ரயில்ல பலகை. இதுக்கா பிளைட்டுல ஏத்தி விட்டிய?”

மிக்கேல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பலகையப் போட்டதும் முனையில கால வச்சு அழுத்துறியா? நழுவிரும்லே.”

“வைப்பேன்பா. நீங்க வைக்கிறதப் பாத்திருக்கேன்லா.”

[இந்த இடத்தில் மிக்கேல் கண் கலங்கினார் என்று எழுதினேன். எங்கள் வீட்டில் அந்த வழக்கமில்லை. அடித்துவிட்டேன்.]

4

மூன்று முடிவுகள் கையில் இருக்கின்றன. மாஸ்டர் என்றே எழுதலாம். ராபின் விடுமுறைக்கு வரும் வரை மானம் நிற்கும். உள்ளதை எழுதலாம், லம்பா லைனிலிருந்து போன் வராமல் போகலாம். மகனை விட்டுவிட்டு நிலையத்தை மட்டும் எழுதலாம்; அப்போது பெற்ற பிள்ளையைப் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர் ஆவார் மிக்கேல்.

மலர் நாளை அச்சுக்குப் போகிறது. ஒரு வரிதான் பாக்கி:

‘ஒரே ஒரு கிழவிக்காக மொத்த வண்டியும் நிற்கும் அந்த நிலையத்தில், என் மகன் ராபின் ————.’

நீங்களே நிரப்புங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அதை லம்பா லைன் வீட்டு வாசலில் நின்று உரக்கப் படிக்கப்போவது மிக்கேல் அல்ல, நான்.