விஸ்வநாத்துக்காகப் படித்த ஜெர்மன்

விஸ்வநாத்தைப் பழிவாங்குவதற்காக இசக்கிராஜா முதலில் படித்தது பிரெஞ்சு. இருபத்து மூன்று நாள் படித்தார். எல்லாம் வீண்.

இசக்கிராஜாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கொச்சி மட்டாஞ்சேரியில் யூனியன் கார்டு வைத்துச் சுமை தூக்குகிறவர். முன்பெல்லாம் மிளகு மூட்டை, சுக்கு மூட்டை. கிடங்குகளில் பாதி பழம்பொருள் கடைகளாக மாறிய பிறகு கட்டில், பெட்டகம், உருளி, கல்தொட்டி. மூட்டையாவது தோளுக்குத் தக்கபடி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தேக்கு கொடுக்காது. தோள்தான் வளைய வேண்டும்.

அவர் வழக்கமாகச் சுமை இறக்கும் கடையில் விற்பனையாள் விஸ்வநாத். திருப்பூணித்துறைக்காரன், முப்பத்து நான்கு வயது, கசங்காத சட்டை. வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே வந்தால் அவர்கள் மொழியிலேயே பேசுவான். பேசிக்கொண்டே இசக்கிராஜாவைக் கைகாட்டுவான். முன்னால் இவரும் பின்னால் கூட்டாளி சுடலைமணியுமாகப் பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போதாகப் பார்த்து, "இசக்கி, அங்ஙனயே நில்லு" என்று நிறுத்தி வைப்பான். பாரம் தோளில் இருக்கும். வந்தவர்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவரைப் பார்ப்பார்கள். படம் எடுப்பார்கள். ஒருமுறை ஒரு கிழவர் அவர் கையில் வாழைப்பழத்தை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார், பால்குடிப் பிள்ளைக்குச் செய்வது போல.

"சாரே, என்னப் பத்தி எந்தா சொன்னீங்க?" என்று அன்று விஸ்வநாத்திடம் கேட்டார்.

"நல்லதாக்கும் சொன்னேன். தூக்கு, தூக்கு."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாழைப்பழம் கையிலேயே இருந்தது. தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. வாசலில் நின்ற ஆட்டுக்குப் போட்டார். அப்போதுதான் தீர்மானித்தார். அவன் பேசுவது என்ன மொழியோ அதைப் படித்து, அதே மொழியில், அதே மாதிரி ஆட்கள் முன்னால் அவனை நாற அடிக்க வேண்டும்.

என்ன மொழி? "பிரெஞ்சு" என்று சுடலைமணி அடித்துச் சொன்னான். "வெயில்ல தொப்பி இல்லாம நடந்தா பிரெஞ்சுக்காரன். எனக்குத் தெரியும்." அவனுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை.

போனில் கிளிப் படம் போட்ட ஓர் ஆப்பை இறக்கிக்கொண்டார். காலையில் லாரி வருவதற்கு முன் கிடங்கின் நிழலில் உட்கார்ந்து படிப்பு. இசக்கிராஜா எழுத்துப் படித்ததே நாற்பது வயதில்தான். சாட்சரதா என்ற எழுத்தறிவு வகுப்பில் மலையாளம். அதற்கப்புறம் பழைய தினசரிகளை வைத்துக்கொண்டு தமிழ், தானாகவே. ஆங்கிலத்தில் லாரிப் பலகையில் இருக்கும் பெரிய எழுத்து மட்டும் பழக்கம். கிளியோ ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத்தான் பாடம் எடுத்தது. படத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். பூனை, பால், பழையது, புதியது, பெரியது, இல்லை. ஒருநாள் வரவில்லையென்றால் கிளி கண்ணீர் விட்டது. 'என் தோள் இறங்கினப்போ ஒருத்தனும் அழல, நீயா அழுத' என்று நினைத்துக்கொண்டார்.

இருபத்து மூன்றாம் நாளும் விஸ்வநாத் பேசியதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. சந்தேகம் வந்தது. அடுத்த முறை அவன் நிறுத்தி வைத்தபோது சட்டைப் பையில் போனைப் பதிவுக்குப் போட்டுவிட்டு நின்றார். சாயங்காலம் எதிர் வீட்டு ஷபானாவிடம் கொண்டுபோனார். ஷபானா நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் போனில் நாலைந்து ஆப் இருந்ததை அவர் கவனித்திருந்தார்.

பத்து விநாடி கேட்டிருப்பாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "இசக்கி மாமா, இது பிரெஞ்சுன்னு ஆரு சொன்னது? இது ஜெர்மன். நான் படிக்கிறதாக்கும்."

"அந்தச் சுடலைய நான் நாளைக்கு வெச்சுக்கிடுதேன். என்ன சொல்லுதான்னு பாரு மோளே."

அவள் மறுபடியும் கேட்டாள். சிரிப்பு நின்றது. மூன்றாம் தடவை கேட்டாள்.

"விடுங்க மாமா."

"சொல்லு."

"இந்தப் பெட்டகம் நூத்தம்பது வருஷம் பழையதுன்னு சொல்றான். ஒரு பெரிய தறவாட்டோடதாம். அந்த வீட்டுல உங்க குடும்பம் நாலு தலைமுறையா அடிமையாம். அந்த வீடு இடிஞ்சு போச்சாம். இந்தப் பெட்டகத்த விட்டுப் பிரிய மனசில்லாம நீங்க இதுகூடவே இந்தக் கடைக்கு வந்துட்டீங்களாம்." நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். பேச்சும் வராதாம். ஊமையாம்."

இசக்கிராஜா போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அடிமை என்றதுகூட எங்கோ தூரத்தில் விழுந்தது. எழுத்து தெரியாது என்றதுதான் உள்ளே போய் உட்கார்ந்தது. நாள் முழுக்கச் சுமை தூக்கிவிட்டு, வகுப்பில் மகள் வயதுப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, பென்சில் பிடிக்கத் தெரியாமல் விரல் நடுங்கிய நடுக்கம் அவருக்கல்லவா தெரியும்.

"யூனியன்ல சொல்லுங்க மாமா. இல்லன்னா நான் வந்து அவன் மூஞ்சிக்கு நேரா ஜெர்மன்லயே கேக்குறேன்."

"யூனியன்ல சொன்னா ரூமுக்குள்ள வெச்சு மன்னிப்பு கேப்பான், சாயா வாங்கித் தருவான். நீ வந்து கேட்டா நீ கேட்டதாகும். ஊமைன்னு சொன்னான்லா? என் வாய்தான் பேசணும். உங்கிட்ட இருக்குறதுல எந்த ஆப்பு நல்லது?"

"உங்களுக்கு எதுக்கு வேணும்னு பாத்துல்லா சொல்லணும்."

"திட்டுறதுக்கு."

"அதுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் மரியாதக்கார ஆப்பு."

இருந்தும் மூன்றை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார்கள். கிளியிலேயே ஜெர்மனும் இருந்தது. கொடியை மாற்றினால் போதும். சொல் நிறையத் தரும், ஆனால் வாக்கியமெல்லாம் குதிரையும் ஆப்பிளும்தான். இரண்டாவது இந்தி வழியாகச் சொல்லித் தந்தது. பீகார்க்காரர்களோடு சுமை தூக்கிய பழக்கத்தில் இந்தி அவருக்கு ஓடும். அதில் வந்த ஆண்குரல் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லும். எண், மாதம், எந்த ஊரிலிருந்து வருகிறாய், அறையில் வெந்நீர் வரவில்லை. பயணிக்கானது, சண்டைக்கு ஆகாது, ஆனால் நாக்கைத் திருத்தியது. மூன்றாவது நர்ஸ்களுக்காக மலையாளத்தில் செய்த ஆப். எழுத்துக்கூட்டி அவரால் வாசிக்க முடிந்தது அது ஒன்றைத்தான். மாத்திரை சாப்பிட்டீர்களா, கையைத் தூக்குங்கள், இந்தப் படிவத்தை உங்களால் வாசிக்க முடியுமா.

"இதான் எனக்கு" என்றார் இசக்கிராஜா, அந்த வாக்கியத்தில் விரலை வைத்து.

ஆனால் ஒன்றை மட்டும் நம்பிப் பயனில்லை என்று சீக்கிரமே தெரிந்தது. கிளியிடம் பழையதும் புதியதும் உண்டு, மாதம் இல்லை. இந்திக்காரனிடம் மாதம் உண்டு, 'என்னால் முடியும்' இல்லை. நர்ஸ் ஆப்பில் அது உண்டு, பழையது புதியது என்ற பேச்சே இல்லை. பெட்டகம் என்ற சொல்லோ மூன்றிலும் இல்லை. அதை விஸ்வநாத்தின் குரலிலிருந்தே எடுத்துக்கொண்டார். உள்ளங்கை அளவு நோட்டில் மலையாள எழுத்தில் எழுதி, துறையில் படகுக்காக நிற்கும்போது, வண்டி தள்ளும்போது, குனியும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மொத்தம் ஆறே வாக்கியம். இரண்டரை மாதம் பிடித்தது. இடையில் ஒரு கூட்டம் வந்து அவர் வாயைத் திறக்கப் போன நேரத்தில் அது இத்தாலிக்காரக் கூட்டம் என்று தெரிந்து, திறந்த வாயைக் கொட்டாவியாக்கி மூடிக்கொண்டார்.

வாக்கியம் மட்டும் போதாது, சாட்சியும் வேண்டும். அது அவர் தொழிலிலேயே இருந்தது. அந்தக் கடையின் பெட்டகமெல்லாம் ஆலுவாவில் ஒரு பட்டறையில் செய்து வருபவை. டீத்தூள் தண்ணீர் பூசி, மணலால் தேய்த்து, மூலைகளில் சங்கிலியால் அடித்துக் கிழடாக்குவார்கள். ஒவ்வொரு பெட்டகத்துக்கும் அடியில் ஓர் இழுப்பறை. ஒன்றின் இழுப்பறை இன்னொன்றுக்குச் சேராது. அதனால் லாரியில் ஏற்றுவதற்கு முன் பட்டறையின் பாலையா ஆசாரி ஒவ்வொரு இழுப்பறையின் அடிப்பலகையிலும் பென்சிலால் மலையாளத்தில் ஊரையும் எண்ணையும் தேதியையும் குறித்து வைப்பார். சுமை இறக்குகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். அடிப்பலகைக்கு யாரும் டீத்தண்ணீர் பூசுவதில்லை. இழுப்பறையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பது தூக்குகிறவன் மட்டும்தான். கசங்காத சட்டைக்காரன் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. செப்டம்பரில் வந்து கிடங்கில் கிடந்த ஒரு பெட்டகத்தை இசக்கிராஜாவும் சுடலைமணியும் கடைக்குள் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். விஸ்வநாத் பேச ஆரம்பித்ததும் இசக்கிராஜாவின் காது விறைத்தது. அதே மொழி.

"இசக்கி, அங்ஙனயே நில்லு."

இசக்கிராஜா நிற்கவில்லை. "இறக்கு சுடலே" என்றார். பெட்டகம் தரையில் உட்கார்ந்தது. விஸ்வநாத் முகத்தில் ஒரு சுளிப்பு, ஆனால் பேச்சை விடவில்லை. தறவாடு, நாலு தலைமுறை, எல்லாம் வரிசையாக வந்தது. கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடியோடு முன்னால் நின்ற நரைமுடிப் பாட்டியம்மாவுக்கு அதற்குள்ளாகவே கண் கலங்கிவிட்டது. ஊமை என்ற சொல் வரும்வரை இசக்கிராஜா பொறுத்திருந்தார். வந்தது.

"இஷ் கன் ஷ்ப்ரெஷன்" என்றார். என்னால் பேச முடியும்.

விஸ்வநாத் வாய் பாதி திறந்தபடி நின்றான்.

"இஷ் கன் லேஸன்." என்னால் வாசிக்க முடியும். இழுப்பறையை உருவி, தலைகீழாகத் திருப்பி, பாட்டியம்மாவின் முன் நீட்டினார். "டீ ட்ரூஹெ இஸ்ட் நிஷ்ட் ஆல்ட். இஸ்ட் நொய். ஸீ கொம்ட் அவுஸ் ஆலுவா. செப்டெம்பர்."

பெட்டகம் பழையதல்ல. புதிது. ஆலுவாவிலிருந்து வருகிறது. பாலையாவின் கையெழுத்தை மலையாளத்தில் சத்தமாக வாசித்தும் காட்டினார், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து. அவர் வாசித்தது பாட்டியம்மாவுக்குப் புரிந்திருக்காது. ஆனால் 11-9-2025 என்பதற்கு எந்த மொழியும் வேண்டாம். கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எடோ இசக்கி, உனக்கு எந்தா பைத்தியமா?" விஸ்வநாத் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். கழுத்து வியர்த்து, சட்டைக் காலர் முதல்முறையாக மடங்கியிருந்தது.

இசக்கிராஜா அவன் நெஞ்சுப் பக்கம் விரலைக் காட்டி, நர்ஸ் ஆப்பின் இரண்டாம் பாடத்திலிருந்து மரியாதை குறையாமல் கேட்டார்: "வோ டூட் எஸ் வே?" எங்கே வலிக்கிறது?

கூட்டத்தில் யாரோ பட்டென்று சிரித்தார்கள். விஸ்வநாத் காதுவரை சிவந்தான்.

பாட்டியம்மா சிரிக்கவில்லை. இசக்கிராஜாவைப் பார்த்து நீளமாக எதையோ கேட்டார். ஆறு வாக்கியத்தோடு இசக்கிராஜாவின் ஜெர்மன் தீர்ந்திருந்தது. ஓடுகிற தண்ணீரில் ஒரு சில கூழாங்கல் தெரிவது போல இரண்டு சொல் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர் எல்லாம் புரிந்தவர் போலத் தலையை ஆட்டினார். பிறகு விஸ்வநாத் பக்கம் திரும்பினார். இதுவரை சொல்லிவந்த 'சாரே' வாயில் வரவில்லை.

"விஸ்வநாத், அம்மா கேட்டத எல்லாரும் கேக்கும்படியாச் சொல்லு. ஒரு சொல்ல மாத்துனாலும் எனக்குத் தெரியும்."

விஸ்வநாத் அவர் கண்ணைப் பார்த்தான். எவ்வளவு தெரியும் இந்த ஆளுக்கு என்று அதற்குள் தேடினான். இசக்கிராஜா இமைக்கவில்லை.

"நான் உங்களப் பத்திச் சொன்னதுல எதெல்லாம் பொய்ன்னு... கேக்குறாங்க."

"அப்ப ஒண்ணொண்ணாச் சொல்லு. நான் பதில் சொல்லுதேன்."

வாசலில் சுடலைமணியோடு இன்னும் மூன்று சுமைக்காரர்கள் வந்து நின்றிருந்தார்கள். விஸ்வநாத் குரலைத் தாழ்த்தி, "எழுத்து தெரியாதுன்னு சொன்னேன்" என்றான்.

"நைன்" என்றார் இசக்கிராஜா, பாட்டியம்மாவைப் பார்த்து. இல்லை. பிறகு விஸ்வநாத்திடம், "சத்தமா. அடுத்தது?"

"பேச்சு வராதுன்னு..."

"நைன். அடுத்தது?"

அடிமை என்ற சொல்லுக்கு முன் அவன் வாசலைப் பார்த்தான். இசக்கிராஜா அவசரப்படுத்தவில்லை. வாசலில் நின்றவர்களைக் காட்டி, "அவங்களும் கேக்கட்டும்" என்றார். விஸ்வநாத் சொன்னான். வாசலில் ஒரு உறுமல் எழுந்தது. இசக்கிராஜா கையைக் காட்டி அதை அடக்கினார். அவர்கள் கை வைத்துவிட்டால் எல்லாம் இன்றைக்கே முடிந்துபோகும்.

பாட்டியம்மா எதுவும் வாங்காமல் வெளியேறினார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். விஸ்வநாத் நாற்காலியில் சரிந்தான்.

"முதலாளிகிட்டச் சொல்லி உன்ன நாளைக்கே மாத்திருவேன்."

"இந்த ஏரியாச் சுமையெல்லாம் எங்க குழுவுக்கு. ஆளப் போடுறது யூனியன். உங்க முதலாளி இல்ல."

விஸ்வநாத்துக்கும் அது தெரியும். "அப்ப இனி நான் வாயத் தொறந்தாப் போதும், நீ பக்கத்துல வந்து நிப்பே. எத்தன நாளைக்கு?"

இசக்கிராஜா இழுப்பறையைப் பெட்டகத்தில் செருகினார். இறுக்கமாக இருந்தது; முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினார்.

"அறுபது வயசுல கார்டத் திருப்பிக் குடுக்கணும். இன்னும் எட்டு வருஷம் இருக்கு."