அஹ்னாஃப் தண்ணீரில் விழுந்த பிறகு

வெள்ள நிவாரண மையத்தில் இருந்த அத்தனை பேரும் இக்ராவைத்தான் புகழ்ந்தார்கள். பள்ளி மண்டபத்தில் நெருக்கமாகப் போட்டிருந்த கூடாரங்களுக்கு நடுவே அந்தப் பதினான்கு வயதுப் பெண் ஓடி ஓடிச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தாள். நடக்க முடியாதவர்களைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துப் போனாள். அழுகிற கைக்குழந்தைகளை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். "புள்ளைன்னா இப்படி இருக்கணும். நீ குடுத்து வச்சவ ஆரிஃபா" என்று பக்கத்துக் கூடாரத்து யோகேஸ்வரி சொன்னபோது, தாய் ஆரிஃபாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுச் சாமான் போனால் போகட்டும், பிள்ளைகள் முழுசாகக் கிடைத்தார்களே என்று அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டாள். அங்கே வந்ததிலிருந்து இக்ரா ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அவர்கள் வீடு கோத்தா திங்கியில், ஆற்றை ஒட்டிய கம்பத்தில், ஒரு சின்னக் கிராமத்தில், இருந்தது. கணவர் நைனா முகம்மது டவுனில் சின்னதாக ரொட்டி சானாய்க் கடை வைத்திருந்தார். மழை விடாமல் கொட்டிய அந்த வாரத்தில், கிளம்பிவிடலாம் என்று இக்ரா இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். "வருஷா வருஷம் வர்ற தண்ணிதானேம்மா. வாசப்படியோட நின்னுரும்" என்று நைனா சிரித்தார். அந்த வருடம் வாசப்படியோடு நிற்கவில்லை. காலைப் பசியாறி முடிப்பதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. தீயணைப்புப் படகு வாசலுக்கு வந்தபோது நைனாவுக்கு நெஞ்சளவு.

முதலில் இக்ரா ஏறினாள். அடுத்தது ஏழு வயது அஹ்னாஃப். நைனா அவனைத் தூக்கிக் கொடுக்க, இக்ரா படகிலிருந்து குனிந்து கையை நீட்டினாள். பிள்ளை அத்தாவின் பிடியிலிருந்து அக்காவின் பிடிக்கு மாறுகிற அந்த நேரம் பார்த்து, மிதந்து வந்த மரக்கட்டை ஒன்று படகில் மோதியது. படகு ஆடியது. அஹ்னாஃப் பழுப்புத் தண்ணீருக்குள் போய்விட்டான். கதவுப் பக்கத்தில் துணிப்பையைத் தலைமேல் தூக்கிப் பிடித்தபடி நின்ற ஆரிஃபாவுக்குக் கத்தக்கூட வாய் வரவில்லை. எவ்வளவு நேரம் உள்ளே இருந்தான் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். படகிலிருந்து குதித்த வீரர் ஒருவர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து மேலே தூக்கினார். இருமினான், வாந்தி எடுத்தான், கொஞ்சம் அழுதான். கரை சேர்வதற்குள், "அம்மா, குடிக்க மைலோ வேணும்" என்றான்.

மையத்தில் எல்லோரும் அவனைத்தான் தாங்கினார்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிள்ளைகள் அவனுக்கு வண்ணப் பென்சில் கொடுத்துப் படம் வரைய வைத்தார்கள். "நான் ஆத்தையே குடிச்சிட்டேன் தெரியுமா" என்று அவன் மற்றப் பிள்ளைகளிடம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தான். சோறு பரிமாறிக்கொண்டிருந்த இக்ராவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவள்தான் நனையக்கூட இல்லையே.

தண்ணீர் வடிந்து, வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டி, கடையைத் திறந்து, பிள்ளைகளும் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள் மத்தியானம், அஹ்னாஃபின் பள்ளிக் காவலாளி போன் செய்தார். "அக்கா, உங்க மக இங்க வந்து நிக்குது. தம்பிய அனுப்புங்கன்னு ஒரே அழுகை. ஒடம்பெல்லாம் நனைஞ்சிருக்கு." ஆரிஃபா அடித்துப் பிடித்துக்கொண்டு போனாள். இக்ரா தன் பள்ளியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவள், ஜன்னலுக்கு வெளியே மழை இறங்கியதைப் பார்த்ததும் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் அவ்வளவு தூரம் நடந்தே வந்திருக்கிறாள்.

"ஏன் லா இப்படிப் பண்ற? பரீட்சைய விட்டுட்டு வருவாங்களா யாராச்சும்?"

"மழை வந்துச்சும்மா."

"மழைன்னா வரத்தான் செய்யும்."

தம்பியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையை இக்ரா வீடு வரும்வரை விடவே இல்லை. வந்து பார்த்தால் பையனின் கையில் விரல் பதிந்து சிவந்திருந்தது.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வானம் கறுத்தால் இக்ரா வகுப்பில் இருக்க மாட்டாள். வீட்டில் இருந்தால் தம்பியை வாசலுக்கு விட மாட்டாள். கால்வாய் ஓரமாக இருந்த திடலில் அவன் பந்து விளையாடப் போவது நின்றது. அவன் குளிக்கும்போது கதவைத் தாழ் போடக்கூடாது. இவள் வெளியே நின்று பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள், அவன் ஒவ்வொரு தடவையும் "ம்" கொட்ட வேண்டும். படுக்கும்போது தன் முக்காட்டுத் துணியால் அவன் கையையும் தன் கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முதலில் அஹ்னாஃபுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஆரிஃபா அவிழ்த்துவிட்டால் காலையில் மறுபடி கட்டப்பட்டிருக்கும். இக்ரா இளைத்துப்போனாள். கண்ணுக்குக் கீழே கறுப்புத் தட்டியது.

நைனா முதலில் அதட்டினார். பிறகு பயந்துபோய், பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அழைத்துப் போனார். ஹஜ்ரத் பொறுமையாக ஓதி ஊதினார். அன்றைக்கு ஒரு நாள் நன்றாகத் தூங்கினாள். மறுநாள் மழை வந்தது.

பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஷாமளா டீச்சர் ஆரிஃபாவை வரச் சொன்னார். நல்ல மனுஷி. சுற்றி வளைக்காமல் பேசினார்.

"அக்கா, இது அடமோ கொழுப்போ கெடையாது. வெள்ளத்துக்கப்புறம் மனசுல உக்காந்துகிட்ட பயம். சீக்கு மாதிரிதான். திட்டாதீங்க."

"என்ன செஞ்சா போகும் டீச்சர்?"

"ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்குறேன். ஆனா அங்கயும் கூட்டம். கூப்பிட மாசக்கணக்குல ஆகும்." டீச்சர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்த ஸ்கூல் முழுசுக்கும் நான் ஒருத்திதான். வாரத்துல ஒரு பீரியட் அவளக் கூப்பிட்டு உக்கார வச்சிப் பேசுறேன். வர்றா, சிரிக்கிறா, ஓகே டீச்சர், எல்லாம் ஓகேங்கிறா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியலக்கா என்னால."

ஆரிஃபாவும் முயன்று பார்த்தாள். பக்கத்தில் உட்கார்த்தி வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். பிடித்த பிரியாணி ஆக்கிப் போட்டுக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இக்ரா, "ஒன்னும் இல்லம்மா" என்றாள். அந்த 'ஒன்றும் இல்லை'யைத் தாண்டி உள்ளே போக வழி தெரியாமல் ஆரிஃபா திரும்பித் திரும்பி வந்தாள்.

இதற்குள் அஹ்னாஃப் மாறிக்கொண்டிருந்தான். ஆற்றைக் குடித்ததாகச் சிரித்த பையன், இடி இடித்தால் ஓடிப் போய்ச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க ஆரம்பித்தான். விட்டுப்போயிருந்த பழக்கம் திரும்பி வந்து, படுக்கையை நனைத்தான். ஒரு நாள் சாயங்காலம் ஆரிஃபா கொடியில் பாயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"அம்மா, நான் செத்துப் போயிருவேனா?"

"ஏண்டா இப்படிக் கேக்குற? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அக்கா என்னப் பாக்குறப்போ அப்படித்தான் பாக்குது."

தண்ணீரில் விழுந்தவன் பயப்படவில்லை. அதைப் பார்த்தவளிடமிருந்து இப்போது அவன் பயத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறான். அவளுக்கு அது பட்டென்று புரிந்தது. புரிந்து என்ன செய்ய? ஒரு பிள்ளையின் உயிர் மற்றப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருப்பதில் இருக்கிறது. அந்தப் பிடியிலேயே மற்றதற்கு மூச்சு முட்டுகிறது.

உலு திராமில் அடுக்குமாடி வீட்டில் இருந்த தங்கை சபூராதான், "கொஞ்ச நாளைக்கு அவன எங்கிட்ட விடு. எம்புள்ளைங்களோட பள்ளிக்கூடம் போகட்டும்" என்றாள். நைனா தலையைக் கவிழ்த்துக்கொண்டு சரி என்றார். ஷாமளா டீச்சரிடம் கேட்டபோது, "தம்பிக்கு நல்லதுக்கா. இக்ராவுக்கு நல்லதா கெட்டதான்னு எனக்கு உண்மையிலேயே தெரியல" என்றார்.

இக்ராவிடம் சொல்லும் வேலை ஆரிஃபாவின் தலையில் விழுந்தது. மாலைத் தொழுகை முடிந்து, கடையிலிருந்து நைனாவும் வந்திருந்தார்.

"தம்பி கொஞ்ச நாளு சபூரா சாச்சி வீட்ல இருக்கட்டும்மா. அங்க நல்ல ஸ்கூலாம்."

"பொய் சொல்லாதீங்கம்மா." இக்ராவின் குரல் உயரவில்லை. "என்கிட்டேருந்து அவனக் காப்பாத்தப் போறீங்க. அதானே?"

ஆரிஃபா நைனாவைப் பார்த்தாள்.

"சரிதான். அனுப்புங்க. என் கையில இருந்துதான வழுக்குனான். கைய நான் புடிச்சேன்மா. நல்லாத்தான் புடிச்சேன். அப்பவும் போயிட்டான்."

வெள்ளத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது அன்றைக்குத்தான். கதவருகே நின்ற நைனா இரண்டே எட்டில் வந்து மகளின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்லம்மா, நீ புடிக்கிறதுக்கு முன்னாடியே நான் விட்டுட்டேன். அத்தா மேலதான் தப்பு. நீ அப்பவே போயிரலாம்னு சொன்ன, நான் கேக்கல. எல்லாம் என் தப்பு."

இக்ரா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எனக்காகச் சொல்றீங்க அத்தா."

"சத்தியமா!"

அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. சொல்லுங்க. யாரு விட்டா?"

ஆரிஃபா நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். கட்டை மோதியதும் அவள் கண்ணை மூடியிருக்கிறாள். திறந்தபோது பிள்ளை இல்லை. இத்தனை மாதமாக அதை எண்ணி எண்ணிப் பார்த்தும் இடையில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. "யாரும் விடலம்மா. படகு ஆடுச்சி" என்றாள். அந்த வீட்டில் அதை மூன்று பேரும் நம்பவில்லை.

அஹ்னாஃபின் துணிமணிகளை இக்ராவே பையில் அடுக்கினாள். உலு திராமுக்குக் கூடவே வந்தாள். சபூராவின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. ஜன்னல் கம்பியை இழுத்துப் பார்த்தாள், கீழே இறங்கிப் போய் வடிகால் எங்கே இருக்கிறது என்று பார்த்து வந்தாள். புறப்படும்போது அஹ்னாஃப் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவள் அவன் தலையில் கை வைத்தாள், எடுத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் காரின் பின்சீட்டில் தன் உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆரிஃபா முன்சீட்டுக் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பையன் சீக்கிரம் தேறினான். சில வாரங்களில் படுக்கை நனைவது நின்றது. சாச்சி பிள்ளைகளோடு கார் நிறுத்தும் இடத்தில் பந்து உதைத்தான், சண்டை போட்டான், முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு வழியாகக் கூப்பிட்டார்கள். இக்ராவுக்கு மாத்திரை கொடுத்தார்கள், பேச ஒரு பெண் டாக்டரைப் போட்டார்கள். "நேரம் எடுக்கும்" என்றார் டாக்டர். எவ்வளவு என்று கேட்க ஆரிஃபாவுக்குத் தைரியம் வரவில்லை. இப்போது சில நாள் பள்ளிக்குப் போகிறாள், சில நாள் போவதில்லை. மழை பெய்தால் மட்டும் உலு திராமுக்குப் போன் போட்டே ஆக வேண்டும். தம்பியின் குரலைக் கேட்டால்தான் அடுத்த கவளம் சோறு இறங்கும்.

ஒரு நாள் மத்தியானம் நல்ல மழை. இக்ரா போன் போட்டாள். சபூரா எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல் வீட்டையே தூக்கியது. சபூரா அவனைக் கூப்பிட்டாள். "அப்புறம் பேசுறேன்னு சொல்லுங்க சாச்சி! நான் வெளையாடுறேன்!" என்று அஹ்னாஃப் கத்தியது பக்கத்தில் இருந்த ஆரிஃபாவுக்கே கேட்டது.

"அவன் வர மாட்டேங்கிறான்மா" என்றாள் இக்ரா.

"வெளையாடுறானாம். நல்லா இருக்கான்."

"ம். நல்லா இருக்கான்."

அவள் போனைக் கீழே வைத்தாள். ஆரிஃபாவுக்கு மகனை நினைத்து நெஞ்சு குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததே மகளுக்குச் செய்த துரோகம்போலவும் இருந்தது. கூரைத் தகரத்தில் மழை அறைந்துகொண்டிருந்தது. இக்ராவின் இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன.

"இப்ப நான் என்னம்மா செய்யணும்?" என்று கேட்டாள்.

ஆரிஃபா வாயைத் திறந்தாள். டாக்டர் சொன்னது, டீச்சர் சொன்னது, ஹஜ்ரத் சொன்னது எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒன்றும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவளைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். இக்ரா விலகவும் இல்லை, சாயவும் இல்லை. மரம்போல் நிமிர்ந்து உட்கார்ந்து மழையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.