ஜஸீமா அணைத்த சென்சார்

ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்தரைக்கே ஷட்டர் ஏறிவிடும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வாரியிறைத்த புழுதியைத் துப்பட்டாவிலிருந்து உதறியபடி இருபத்திரண்டு பெண்கள் உள்ளே போவார்கள். பற்றவைப்புப் புகை கண்ணைக் கரிக்கும். முதுகு நிமிராமல் கிரேன்களுக்கான சர்க்யூட் போர்டுகளைப் பற்றவைத்து நகர்த்துவார்கள். வரிசையின் கடைசியில் நிற்கும் பிரஸ் மெஷின் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டித் தள்ளும்.

அந்த பிரஸ் எப்போது இறங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று ப்ரோகிராம் எழுதியவள் ஜஸீமா. தண்டையார்பேட்டைக்காரி. திருவொற்றியூரிலிருந்த அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் அறைக்குள் உட்கார்ந்த ஒரே பெண். முதலாளி செல்வநாதன் வருடந்தோறும் அவளைப் பெண்கள் பள்ளிகளுக்கு அழைத்துப்போய் மேடையேற்றுவார்.

"எங்க அத்தா மீன்பாடி வண்டி ஓட்டினாரு. நான் மெஷினுக்கு மூளை வெக்கிறேன். நீங்களும் வரலாம்" என்பாள். கைதட்டல் அடங்க நேரமாகும்.

அப்படிக் கைதட்டியவர்களில் ஒருத்தி வியாசர்பாடி மகிழினி. டிப்ளமோ முடித்த கையோடு, ஜஸீமா அக்கா இருக்கும் இடம் என்று தேடிக்கொண்டு இதே கம்பெனிக்கு வந்தாள். அவளைப் பிரஸ்ஸில் நிறுத்தினார்கள். டிரெய்னிங் என்றார்கள். ஒன்றரை வருடம் ஓடியும் டிரெய்னிங் முடியவில்லை.

"எப்பக்கா நான் கம்ப்யூட்டர்ல குந்துறது?"

"சார் கைல சொல்லிகீறேன் மகி."

ஒருமுறைகூட அவள் சொல்லியிருக்கவில்லை.

போன மாதம் அவசர ஆர்டர் ஒன்று வந்தது. கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்துகிற சென்சார், தூசி விழுந்தாலும் நிறுத்தியது. செல்வநாதன் எரிந்துவிழுந்தார்.

"ஆர்டர் முடியிற வரைக்கும் அதை ஆஃப் பண்ணும்மா."

"யாருக்காவது கை போயிடும் சார்."

"சரி, உன் ரூம்ல இருக்கிற ஸ்டானிஸ்லாஸ் பண்ணிடுவான். அடுத்த ஸ்கூலுக்கும் அவனையே கூட்டிட்டுப் போறேன்."

ஜஸீமா பயந்தாள். வேலை போய்விடும் என்றுகூட அல்ல. அந்த மேடை போய்விடுமே என்று. அரை நிமிட வேலைதான். அணைத்தாள். பிரஸ்ஸில் நிற்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மகிழினியின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மகிழினியின் அம்மா குப்பம்மா ஜஸீமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை மாதிரி ஆவணும்னு சொல்லிகினே இருக்கும்மா. நீ பக்கத்துல கீறேன்னுதான் தைரியமா அனுப்பினேன்." அவள் ஓங்கி அறைந்திருந்தால் ஜஸீமா தாங்கியிருப்பாள். பிடித்த கையை உருவவும் முடியவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை செல்வநாதன் ஒரு தாளை நீட்டினார். விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்றிருந்தது.

"டெக்னிகல் ஆள் கையெழுத்து வேணும். போட்டுட்டுத் திங்கக்கிழமை ராயபுரம் ஸ்கூலுக்கு ரெடியாகு."

பேனாவைத் திறந்தாள். பேர் எழுத வரவில்லை. தாளை மேசையிலேயே விட்டுவிட்டு பிரஸ் அருகே போனாள். இப்போது அங்கே நின்றவள் ஆவுடையம்மாள்.

"நிறுத்துங்க. மகி மேல தப்பில்ல. சென்சாரை நான்தான் அணைச்சேன். இப்பவும் அணைச்சுதான் கீது."

பற்றவைக்கும் கைகள் நின்றன. ஆவுடையம்மாள் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"மூணு நாளா இதுக்குள்ள கைய வுட்டுகினு கீறேன். எனக்கும் சொல்லல நீ. இன்னா பொம்பள நீ?"

ஜஸீமாவின் பின்னாலேயே வந்த செல்வநாதன் கத்தினார். "மெஷினை நிறுத்தினா எல்லாரும் வெளியே!"

ஆவுடையம்மாள் ஸ்விட்சை அணைத்தாள். "இவ மேல கீற கோவத்த நாங்க அப்பால பாத்துக்கறோம் சார். சென்சார் வராம யாரும் இதுல கை வெக்க மாட்டோம். வெளிய தள்றதுக்கு நீ இன்னா, நாங்களே போறோம்."

இருபத்தொரு பேரும் வாசலில் உட்கார்ந்தார்கள். ஷட்டர் இறங்கியது. தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஜஸீமா தன் கையாலேயே மனு எழுதினாள். முதல் பத்தியில் தான் செய்ததை எழுதினாள். அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஆனால் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை, பள்ளி விழாவுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், ஜஸீமா அதே வாசலில் இருந்தாள். கட்டுப்போட்ட கையோடு மகிழினி வந்தாள். மனுவை நின்றபடியே கடைசி வரை படித்தாள்.

"நீ செஞ்சத நான் மறக்க மாட்டேன்க்கா."

"மறக்காத."

"டிரெய்னிங்னு பிரஸ்ல நிறுத்தி வெச்சிகீறாங்களே, எங்கள அந்த ரூமுக்குள்ள வுடணும்னு எழுதினியா?"

ஜஸீமா தலைகுனிந்தாள். அது அவளுக்கு இன்னும் தோன்றியிருக்கவில்லை.

"எழுது."

அவள் சொல்லச் சொல்ல ஜஸீமா எழுதினாள். மகிழினி பேனாவை இடது கையில் வாங்கி, முதல்முறை எழுதுகிற குழந்தைபோல் கோணல்மாணலாகத் தன் பெயரைப் போட்டாள். ஷட்டருக்குள்ளிருந்து சத்தம் ஏதுமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆவுடையம்மாள் நகர்ந்து இடம்விட்டாள்.

"ரெண்டு பேரும் இப்டி நெழல்ல வந்து குந்துங்க. எவ்ளோ நேரம் ஆவுமோ."