மற்றவை: 62 சதவீதம்

“‘மற்றவை’யை கிளையண்ட் முன்னாடி நானே படிக்கணும் சார்.”

எழிலரசி கேட்டே விட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த சர்வே கம்பெனியில் அவள் சேர்ந்த அன்றே டீம் லீடர் வெங்கட் சொல்லி வைத்திருந்தார்: எதை வேண்டுமானாலும் கேள், கிளையண்டிடம் பேச மட்டும் கேட்காதே.

“உங்க ஊட்லயே நீதான் மொத டிகிரி. வேலையக் காப்பாத்திக்கோ. ஆமா, கழுத்துல கம்பெனி டேக் எங்க?”

“பத்திரமா கீது சார்.”

ஒரு தொழிற்சாலையின் முந்நூறு பெண்களிடம் எடுத்த சர்வே அது. கடைசிக் கேள்வி, ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ பதில்களைப் படித்துவிட்டுத்தான் தலைப்பு வாரியாகப் பிரிக்க வேண்டும். வெங்கட்டோ போன வருஷம் ஒரு ஐ.டி. கம்பெனிக்குப் போட்ட தலைப்புகளை அப்படியே தூக்கி வைத்துவிட்டார்: கார் பார்க்கிங், காபி மெஷின், வீட்டிலிருந்து வேலை. ஷேர் ஆட்டோவில் நசுங்கி வருகிறவர்களுக்குக் கார் பார்க்கிங்! எதிலும் அடங்காத 187 பதில்கள் ‘மற்றவை’யில் போய் விழுந்தன. அதற்குக் கீழே வெங்கட்டின் வரி: ‘பெரும்பாலோருக்குக் குறிப்பிட்டுச் சொல்ல ஏதுமில்லை.’

மீட்டிங்கில், தொழிற்சாலையிலிருந்து வந்த பத்மா மேடம் வட்டப்படத்தைப் பேனாவால் தட்டினார்.

“இதென்ன, பாதிக்கு மேல சாம்பல் கலர்ல?”

வெங்கட் வாயைத் திறப்பதற்குள் எழிலரசி ‘மற்றவை’ பதில்கள் இருந்த தாளைப் பிரித்துவிட்டாள்.

“‘கக்கூஸுக்குத் தாப்பா இல்ல. உள்ள கீறவங்க பாடிகினே இர்க்கணும். பாட்டு கேட்டா நாங்க வெளிய நிப்போம்.’”

பத்மா களுக்கென்றார்.

“‘எங்க லைன்ல ஒரு அக்கா உள்ள போனா நாலு பாட்டு ஆவுது. நல்லாத்தான் பாடுது, ஆனா நமக்கு அவசரம்.’ ‘சூப்பர்வைசரு எங்களுக்குப் பாட்டுப் பைத்தியம்னு நென்ச்சிகினு கீறாரு.’”

பத்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வெங்கட்டுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் எழிலரசிக்கு எழுத்துத் தெரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்ததை ஒரே மூச்சில் படித்தாள்.

“‘எனக்குப் பாட வராது. அதான் ஷிப்ட்டு முடியற வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல.’”

பத்மா பேனாவை மூடினார்.

“எத்தனை பேர் இப்படி?”

“நூத்தி எண்பத்தேழு பேரும் கதவப் பத்திதான் மேடம்.”

பத்மா அங்கேயே போனை எடுத்தார். “கஜபதி, கார்பென்டரைக் கூப்பிடுங்க. சாயங்காலம் நானே வந்து ஒவ்வொரு கதவா தாழ்ப்பாள் போட்டுப் பாப்பேன்.”

வெளியே வந்ததும் வெங்கட் சீறினார். “இந்த வாட்டி விட்டுடறேன். இனிமே வாயத் தொறக்காம இருந்தீன்னா...”

“உங்க மேஜ டிராயரத் தொறந்து பாருங்க சார்.”

காலையிலேயே டேக்கையும் ராஜினாமா கடிதத்தையும் அதில் வைத்துவிட்டுத்தான் அவள் படிக்க அனுமதி கேட்கவே போயிருந்தாள்.

படியிறங்கும்போது பாட்டு வந்தது. ஒரு வரிகூடச் சுருதியில் நிற்கவில்லை. கேட் வரைக்கும் கத்திப் பாடிக்கொண்டே போனாள்.