மடவையும் இரண்டு மீசைகளும்

முதல் மடவை மீனைப் பிடிக்காதவர் மீசையை மழித்துவிட வேண்டும் என்பது பந்தயம். ரொட்டிக்கடைக்காரரும், அவர் தங்கையைக் கட்டிய தையல்காரரும் தூண்டிலோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்தார்கள். தீர்ப்புச் சொல்லத் தங்கையும் வந்திருந்தாள்.

மீனைக் கூட்ட ரொட்டிக்கடைக்காரர் பழைய ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தண்ணீரில் வீசினார். அது சாவகாசமாக மிதந்து, கீழ்ப்பக்கம் உட்கார்ந்திருந்த தையல்காரரின் முன்னால் போய்ச் சேர்ந்தது. மீன்களும் பின்னாலேயே போயின.

“ஏன் மாப்ளே, என் சரக்குல உன் வியாபாரமா?”

“ஆறு இந்தப் பக்கம் ஓடுது, நான் என்ன பண்ணட்டும் மச்சான்?”

தையல்காரரின் தக்கை முங்கியது. அவர் நூலை வெடுக்கென்று சுண்டினார். மடவைக்கு மெல்லிய உதடு. அது கிழிந்து மீன் தப்பியது. அடுத்ததும் அப்படியே போனது. தையலை இறுக்கியே பழகிய கை, சொன்னால் கேட்குமா?

“கோட்டுக்குப் பொத்தானா தைக்கிறீங்க? கொடுங்க இப்படி!”

மனைவி தூண்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். அடுத்த மீன் கடித்ததும், தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் பதமாகக் கரையேற்றினாள்.

“என் தூண்டில்! ஜெயிச்சது நான்!” என்று தையல்காரர் குதித்தார்.

“என் ரொட்டிடா அது!” என்றார் மச்சான்.

“பிடிச்சது நான். அப்போ பிடிக்காதவங்க யாரு?” என்று மீனைப் பையில் போட்டாள் அவள். “சலூன் மூடுறதுக்குள்ள ரெண்டு பேரும் நடங்க.”