திரையில் வந்த முகம்

உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை உடைத்தே விரல் ரேகையெல்லாம் தேய்ந்துபோன வேணிக்கு, அரியலூரில் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் போட அவர்கள் சொன்ன வங்கியில் கணக்கு வேண்டும். சாயங்காலத்துக்குள் பாஸ்புக் வராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. துணைக்கு ஓரகத்தி வளர்மதியையும் கூட்டிக்கொண்டு வங்கிக்கு வந்திருந்தாள்.

கவுண்டரில் இருந்த பெண் ஆதார் எண்ணைத் தட்டினாள். புதிதாக எதுவும் எழுத வேண்டாம், முன்பு கடன் கொடுத்த கம்பெனி பதிந்த விவரத்தையும் படத்தையுமே எல்லா வங்கியும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தித் திரையை வேணி பக்கம் திருப்பினாள். பேர் சரி, ஊர் சரி, பிறந்த தேதியும் சரி. முகம் மட்டும் வளர்மதியுடையது.

மூன்று வருஷத்துக்கு முன் மகளிர் குழுக் கடனுக்குப் படம் பிடிக்க வந்த அன்று வேணி பிரசவ ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒருத்தி குறைந்தாலும் குழுவுக்கே கடன் கிடையாது. குழுவிலேயே இல்லாத வளர்மதி அவள் இடத்தில் போய் நின்றாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

ரேகை இயந்திரம் மூன்று முறையும் கைவிட்டது. ஆதாரில் இருந்ததோ கல்யாணத்துக்கு முந்திய படம். எமனே அதை எடுத்துக்கொண்டு வந்தாலும் ஆள் தெரியாமல் திரும்பிப் போவான். உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம் என்று வளர்மதியைப் பிடிப்பார்கள், சொல்லாவிட்டால் தன்னை. வேணி ஆதார் அட்டையை முந்தானையில் துடைத்து மறுபடியும் நீட்டினாள்.

மேனேஜர் வந்தார். திரையைப் பார்த்தார், வேணியைப் பார்த்தார், பிறகு பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்கதானே வேணி?"

வளர்மதி எழுந்தாள். இல்லை என்றால் அந்தப் படம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். அது வேணிக்கும் தெரியும்.

"ஆமாங்க சார்."

மேனேஜர் வாட்ச்மேனிடம் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு வேணியிடம் திரும்பினார். "அப்ப நீ யாரு? இவங்க ஆதாரை வச்சிக்கிட்டு எதுக்கு வந்த?"

"அக்கா, சொல்லுக்கா," என்றாள் வேணி.

வளர்மதி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இது யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."